புதுச்சேரி டைவ் கடை: மீனுக்கு மூன்று ஸ்டார், ஆக்சிஜனுக்கு ஐந்து

புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் எந்தக் கடையில் போகலாம் என்று கேட்டு வாரத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கடையின் பெயரை மட்டும் போடவில்லை. போட்டால் "அந்தக் கடையில போன ஒருத்தனுக்கு ஆயிடுச்சாம்" என்றுதான் ஊர் பேசும். டைவுக்குப் பிறகு என் மச்சான் உடம்புக்கு ஆனதற்கு அவர்கள் காரணம் இல்லை. அவர்களைப் போல எல்லாக் கடையும் இருந்தால் போதும் என்பதுதான் என் கட்சி.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏன் இந்த ஆள் கடலை விட்டுவிட்டு சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தோன்றும். சத்துவாச்சாரியில் கேஸ் சிலிண்டர் வியாபாரம். சமையல் கேஸ் இல்லை. வெல்டிங் பட்டறைக்கும் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் கம்பெனிகளுக்கும் ஆக்சிஜன், நைட்ரஜன், ஆர்கான். நர்சிங் ஹோம்களுக்கு மெடிக்கல் ஆக்சிஜன். 2021 கொரோனா இரண்டாம் அலையில் தூங்காத ஆட்களில் நானும் ஒருத்தன். பாலாற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரன் கடலுக்கு அடியில் போவதே பெரிய விஷயம்தான். என் மச்சான், அதாவது வீட்டுக்காரியின் தம்பி, ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அவன்தான் என்னை இந்தப் பைத்தியத்தில் இழுத்துவிட்டவன். இருவரிடமும் ஓப்பன் வாட்டர் சான்றிதழ் இருக்கிறது. 18 மீட்டர் வரை போகலாம்.

கடல் எப்படி? சுமார்தான். தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து படகு. அலை கொஞ்சம் அதிகமாக இருந்தால் டைவ் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் காலையில் தின்ற இட்லி தொண்டைக்கு வந்துவிடும். தண்ணீர் தெளிவு அன்றன்றைய அதிர்ஷ்டம். கீச்சான் கூட்டமும், பொந்திலிருந்து தலையை நீட்டிய ஒரு அஞ்சாலை மீனும், மணலோடு மணலாகக் கிடந்த திருக்கையும் பார்த்தோம். அந்தமான் படங்களைப் பார்த்துவிட்டு அதே நினைப்பில் வந்தால் ஏமாற்றம்தான். மூன்று ஸ்டார்.

இனி கடை. பதிவுப் படிவம் நீளமாக இருந்தது. ஆஸ்துமா, காது, இதயம், மாத்திரை எல்லாம் வழக்கமான கேள்விகள். கடைசியில் ஒன்றை மட்டும் பயிற்சியாளர் வாயாலேயே கேட்டார். கடலூர்ப் பக்கத்துப் பெண், மீனவக் குடும்பம், வயது முப்பதுக்குள் இருக்கும். "இங்கேருந்து எங்க போறீங்கண்ணா?"

"வேலூர்தான். போற வழியில நைட்டு ஏலகிரியில ரூம் போட்டிருக்கோம்."

"ரூமை கேன்சல் பண்ணிடுங்க. இல்லாட்டி செவ்வாய்க்கிழமைக்கு மாத்துங்க."

மச்சானுக்குச் சுருக்கென்றது. அட்வான்ஸ் அவன் கட்டியிருந்தான். அந்தப் பெண் ஒரு காகிதத்தை எடுத்துக் கோடு போட்டுக் காட்டினார். விஷயம் இதுதான். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டரில் நாம் இழுக்கிற காற்று தரையில் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று பங்கு அழுத்தத்தில் இருக்கும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அழுத்தம் கூடக் கூட அது ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே போகும். மெதுவாக ஏறினால் நுரையீரல் வழியே வெளியேறிவிடும். மேலே வந்த பிறகும் பல மணி நேரம் வெளியேறிக்கொண்டிருக்கும். வேகமாக ஏறினாலோ, முழுக்க வெளியேறும் முன் உயரமான இடத்துக்குப் போய் அழுத்தத்தை இன்னும் குறைத்தாலோ, கரைந்தது குமிழியாக மாறும். மூட்டில் வந்தால் வலி, தோலில் வந்தால் தடிப்பு, தண்டுவடத்தில் வந்தால் கால் விழுந்துவிடும். இதைத்தான் டிகம்ப்ரஷன் சிக்னஸ் என்கிறார்கள். டைவர்கள் சுருக்கமாக டிசிஎஸ் என்பார்கள்.

விமானத்துக்கு உள்ள விதி பலருக்கும் தெரியும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் 18 மணி நேரம் பறக்கக் கூடாது. நிறைய பேர் 24 என்றே வைத்துக்கொள்கிறார்கள். மலைக்கும் அதே கணக்குதான் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. 2,000 அடிக்கு மேல், அதாவது சுமார் 600 மீட்டருக்கு மேல் போனால் விமானம் ஏறுவதாகவே நினைத்துக்கொள்ள வேண்டும். ஏலகிரி ஆயிரம் மீட்டர் வாக்கில் இருக்கிறது. புலவர்கள் பெயர் வைத்த பதினாலு கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்தால் அரை விமானம் ஏறினாற்போல. வேலூர் 200 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். திண்டிவனம், வந்தவாசி, ஆரணி வழியாக வீட்டுக்கு வருவதில் தொந்தரவு இல்லை. பெங்களூர்க்காரர்கள்தான் கவனிக்க வேண்டும். சனி, ஞாயிறு டைவ் அடித்துவிட்டு ஞாயிறு ராத்திரியே காரை எடுத்து 900 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிற கூட்டம் அது. யாருமே சொல்லித் தருவதில்லை என்று அந்தப் பெண் வருத்தப்பட்டார்.

படிவம் முடிந்ததும் என் பழக்கப்படி சிலிண்டர் பக்கம் போனேன். டைவ் சிலிண்டரின் தோளில் ஹைட்ரோ டெஸ்ட் தேதி, அதாவது தண்ணீர் நிரப்பி அழுத்தம் தாங்குகிறதா என்று சோதித்த தேதி, அடித்திருந்தது, தெளிவாக இருந்தது. பக்கத்தில் தனியாக, வெயில் படாத இடத்தில், சங்கிலி போட்டுக் கட்டிய இரண்டு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர். கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். ரெகுலேட்டர் மாட்டியே இருந்தது, சாவி கயிற்றில் தொங்கியது. பை வைத்த முகமூடி பிளாஸ்டிக் உறைக்குள். திறந்து காட்டச் சொன்னேன். அந்தப் பெண் அப்போதுதான் முடிக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்திருந்தார் போல. வால்வைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, வெறும் விரல் முனையால் மெதுவாகத் திறந்தார். எனக்கு அங்கேயே மனசு நிறைந்துவிட்டது. அழுத்த ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். என் கடையில் வேலைக்கு வருகிற பையன்களுக்கு முதல் நாள் நான் சொல்லித் தருவது அதைத்தான். எத்தனை பேர் கேட்கிறார்கள்!

ஒரு கணக்கு மட்டும் சொல்லி வைக்கிறேன், எந்த டைவ் கடைக்குப் போனாலும் உதவும். பி டைப் நிறையச் சிலிண்டரில் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிஷத்துக்கு 15 லிட்டர் என்று ஓடவிட்டால் 100 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். டிசிஎஸ் வந்தவரை ஆக்சிஜன் கொடுத்தபடியே சிகிச்சைக்கான அழுத்த அறை இருக்கிற சென்னைக்குக் கொண்டுபோக, புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆரில் மூன்று மணி நேரம். ஒரே ஒரு சிலிண்டர் வைத்துக்கொண்டு "எங்ககிட்ட ஆக்சிஜன் இருக்கு சார்" என்று சொல்கிற கடை பாதி வழிக்குத்தான் பதில் வைத்திருக்கிறது. வேறொரு கடையில், அது எந்த ஊர் என்று வேண்டாம், மீட்டர் முள் பூஜ்யத்தில் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை இரண்டு டைவ், ஞாயிறு காலை இரண்டு. எதிலும் 18 மீட்டரைத் தாண்டவில்லை. ஏறும்போது 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நின்றோம். கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் ஒரு தடவை கூடக் கத்தவில்லை. மதியம் கடைக்குத் திரும்பி, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். மச்சான் பனியனுக்குள் கையை விட்டு வயிற்றைச் சொறிந்துகொண்டே இருந்தான்.

"இன்னாடா?"

"ஒண்ணும் இல்ல மாமா. வெட்சூட்டு அலர்ஜி. இல்லாட்டி சொறி மீன் பட்டிருக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து இடது தோளை உருட்டிக்கொண்டிருந்தான். அதற்கும் காரணம் தயாராக இருந்தது. படகிலிருந்து சிலிண்டர் இறக்க உதவினானாம், சுளுக்காம்.

பயிற்சியாளர் பெண் பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றுக் கையோடு எழுந்து வந்து, "அண்ணா, பனியனைத் தூக்குங்க" என்றார். வயிற்றில், தொப்புளுக்கு இரண்டு பக்கமும், தோல் வலை விரித்த மாதிரி செவ்வூதா நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. அழுத்தினால் வெளுத்து, விட்டால் திரும்ப வந்தது. நான் அதைப் பார்த்தவன், இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. சொறி மீன் பட்டால் பட்ட இடத்தில் சவுக்கால் அடித்த மாதிரி கோடு விழும், தண்ணீருக்குள்ளேயே எரியும். இது மேலே வந்து ஒரு மணி நேரம் கழித்து, துணி மூடியிருந்த இடத்தில் வந்திருக்கிறது.

அடுத்துத் தோள். எங்கே வலிக்கிறது என்று ஒரு விரலால் காட்டச் சொன்னார். காட்ட முடியவில்லை, உள்ளங்கையை விரித்துத் தோள் முழுக்கத் தடவினான். "உள்ளார, எலும்புக்குள்ள மாதிரி." அழுத்திப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சுளுக்கு என்றால் அசைத்தால் உயிர் போகும், அமுக்கினால் கத்துவான். இது அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஒரே மாதிரி மந்தமாக வலித்துக்கொண்டிருக்கிறது. பிறகு கண்ணை மூடி நிற்கச் சொன்னார், நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார், இரண்டு கையாலும் தன் விரல்களை இறுக்கச் சொன்னார், கால் விரலில் மரத்துப்போனாற்போல இருக்கிறதா என்று கேட்டார். "மேல வந்தப்புறம் ஒண்ணுக்குப் போனீங்களா?" என்று நேராகவே கேட்டார். மச்சான் வெட்கப்பட்டான். சிறுநீர் வராமல் நின்றால் தண்டுவடம் பாதித்திருக்கலாம் என்பதால் அந்தக் கேள்வி. காலில் பலமின்மை, தலைசுற்றல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறலோடு இருமல், இதில் எது இருந்தாலும் அது வேறு மட்டத்து அவசரம். சில பேருக்கு இவை எதுவுமே இல்லாமல், செய்த வேலைக்குச் சம்பந்தமில்லாத அசதி மட்டும் வருமாம்.

மச்சானுக்கு அந்த அவசர அறிகுறிகள் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் யோசிக்கவே இல்லை. தரையில் பாயை விரித்து மல்லாக்கப் படுக்க வைத்து, கை கழுவி, ஆக்சிஜனைத் திறந்து, முகமூடியை இறுக்கி மாட்டி, பை உப்புகிறதா என்று பார்த்து, மணியை ஒரு தாளில் எழுதினார். தலையைத் தாழ்த்திக் காலைத் தூக்கி வைக்கிற பழைய முறை இப்போது கிடையாது, மட்டமாகப் படுத்தால் போதும். மச்சான் முகமூடிக்குள்ளிருந்து, "கம்ப்யூட்டர் ஒண்ணும் சொல்லலியே" என்றான். இதைத்தான் எல்லாரும் சொல்வார்களாம். கம்ப்யூட்டர் ஒரு கணக்கு போடுகிறது, உடம்பு அந்தக் கணக்கைப் படித்ததில்லை. வரம்புக்குள் டைவ் செய்தவர்களுக்கும் டிசிஎஸ் வருகிறது. முந்தின ராத்திரி தூக்கமில்லை, தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை, மேலே வந்தவுடன் பாரம் தூக்கினான். இவற்றில் எது காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். 1908-ல் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்து, அழுத்தத்தை இறக்கிப் பார்த்துத்தான் படிப்படியாக மேலே வரும் முறைக்குக் கணக்கு எழுதினார். மூட்டு வலி வந்த ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்குமாம். ஆடு பொய் சொல்லாது. சுளுக்கு, அலர்ஜி என்று காரணம் தேடாது. மனுஷன்தான் தேடுவான். இதை அந்தப் பெண் வகுப்பிலேயே சொல்லியிருந்தார், மச்சான் அப்போது பிரியாணியைப் பற்றி ஏதோ ஜோக் அடித்தான்.

போனில் டைவிங் மருத்துவம் தெரிந்த ஒரு டாக்டரைப் பிடித்தார். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் 24 மணி நேர அவசர எண்ணும் சுவரில் பெரிதாக ஒட்டியிருந்தது. அரை மணி நேரத்தில் பக்கத்து மருத்துவமனை அவசரப் பிரிவில் இருந்தோம். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். டூட்டி டாக்டர் தடிப்பைப் பார்த்ததும் அலர்ஜி ஊசிக்குச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் தினம் பார்ப்பது அலர்ஜிதான். பயிற்சியாளர் எழுதி வைத்திருந்த தாளை நீட்டினார்: இரண்டு நாள் டைவ்களின் ஆழமும் நேரமும், மேலே வந்த மணி, அரிப்பு தொடங்கிய மணி, வலி தொடங்கிய மணி, ஆக்சிஜன் கொடுத்த மணி. டாக்டர் படித்தார், நிமிர்ந்தார், போனில் அந்த இன்னொரு டாக்டரிடம் பேசினார், ஊசிச் சீட்டைக் கிழித்தார். அரை நாள் தாமதத்தை மிச்சப்படுத்தியது அந்த ஒற்றைத் தாள்.

ஆக்சிஜன் போட்டு முக்கால் மணி நேரத்தில் தோள்வலி பாதியாகக் குறைந்துவிட்டது. உடனே மச்சான், "சரியாயிடுச்சு மாமா, வீட்டுக்குப் போலாம்" என்று ஆரம்பித்தான். ஆக்சிஜனில் வலி குறைவது டிசிஎஸ் இல்லை என்பதற்கு ஆதாரம் கிடையாது. சொல்லப்போனால் சந்தேகத்தைக் கூட்டத்தான் வேண்டும். எடுத்துவிட்டால் திரும்ப வரலாம். முன்பதிவு செய்த ஆம்புலன்ஸில், கடையின் இரண்டாவது சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு, கடலோரமாகவே சென்னைக்குப் போனோம். பாதி வழிக்கு மேல் முதல் சிலிண்டர் முள் இறங்கியபோது நானே மாற்றினேன். தொழில் கை கொடுத்தது என்று அந்த ஒரு நாளில்தான் வீட்டில் ஒப்புக்கொண்டார்கள். ஒன்று கவனியுங்கள், கிளம்புவதற்கு முன்பே அங்கே ஹைப்பர்பாரிக் அறை, அதாவது அழுத்தத்தை ஏற்றி ஆக்சிஜன் கொடுக்கிற அறை, காலியா, டைவரை எடுத்துக்கொள்வார்களா என்று போனில் உறுதி செய்த பிறகுதான் புறப்பட்டோம். ஹைப்பர்பாரிக் அறை இருக்கிற இடமெல்லாம் டைவர்களைப் பார்ப்பதில்லை. பலவற்றில் ஆறாத புண்ணுக்குச் சிகிச்சை தருவதோடு சரி.

உள்ளே போகும் முன் பருத்தி உடை மட்டும். போன், வாட்ச், தலைக்கு எண்ணெய், வலிக்குத் தடவுகிற தைலம் எதுவும் ஆகாது. எண்ணெய் விஷயம் மறுபடியும்! அறையின் அழுத்தத்தை 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமாக, 2.8 வளிமண்டலத்துக்கு ஏற்றி, முகமூடியில் சுத்த ஆக்சிஜன். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 5 நிமிஷம் சாதாக் காற்று. பிறகு மெல்ல இறக்குவார்கள். அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் அட்டவணை என்று பெயர், மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குக் கால் மணி குறைவு. கண்ணாடி வழியாகப் பார்த்தேன், மச்சான் தூங்கிக்கொண்டிருந்தான்.

வெளியே வந்தபோது வலி இல்லை, தோல் திட்டும் மங்கியிருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் 'டிசிஎஸ்-ஆக இருக்கலாம்' என்றுதான் எழுதியிருந்தார்கள். எக்ஸ்ரேயோ ரத்தப் பரிசோதனையோ வைத்து இதை உறுதி செய்ய முடியாது. டைவ் செய்தான், சில மணி நேரத்துக்குள் இப்படி வந்தது, வேறு காரணம் பொருந்தவில்லை, அவ்வளவுதான். பாதிப் பேருக்கு மேலே வந்த ஒரு மணி நேரத்துக்குள், பெரும்பாலோருக்கு ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். ஒரு நாள் வரை கூட ஆகலாம். அதனால் ஊருக்கு வந்த பிறகு வலி வந்தாலும், வேலூரோ ஆம்பூரோ, அவசரப் பிரிவில் வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை "நேத்து கடல்ல டைவிங் போனேன்" என்பதுதான். தோள் வலி என்று ஆரம்பித்தால் ஆயின்ட்மென்ட் கொடுத்து அனுப்புவார்கள். வலி மாத்திரை போட்டுப் படுத்துவிடாதீர்கள். பீர் அடித்தால் போய்விடும், திரும்பத் தண்ணீருக்குள் இறங்கினால் சரியாகும் என்று யோசனை சொல்கிறவனின் பேச்சைக் கேட்காதீர்கள்.

தோலில் வந்த டிசிஎஸ் என்பதால் இதயத்தில் எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பிறக்கும்போது இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டை நாலு பேரில் ஒருவருக்கு மூடாமலே இருக்குமாம், குமிழி அதன் வழியாகத் தாண்டிப்போக வாய்ப்பு உண்டு. மச்சான் தேதி வாங்குகிறேன், வாங்குகிறேன் என்று இழுத்துக்கொண்டிருக்கிறான். அது வரைக்கும் அவனுக்குக் கடல் கிடையாது, அவன் அக்கா மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இனி கடையின் குறைகள். வெட்சூட் பழசு, என்னுடையதில் முழங்கால் கிழிந்திருந்தது. உடை மாற்ற ஒரே ஒரு அறை, வார இறுதியில் வரிசை. போட்டோவுக்குத் தனிக்காசு, அதுவும் பாதி மங்கல். சாப்பாட்டில் உப்பு இல்லை. பெரிய குறை ஒன்று: காப்பீட்டைப் பற்றி முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாதாரண மெடிக்கல் பாலிசிகள் பலவற்றில் சாகச விளையாட்டு கிடையாது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். எங்களுடையதிலும் அப்படித்தான், அழுத்த அறைச் செலவு முழுக்கக் கைக்காசு. டைவ் காப்பீடு தனியாக உண்டு, போகும் முன் போட்டுக்கொள்ளுங்கள். இதைச் சொன்னபோது படிவத்தில் ஒரு வரி சேர்ப்பதாகச் சொன்னார்கள். சேர்த்தார்களா என்று அடுத்து போகிறவர் பார்த்துச் சொல்லுங்கள்.

ஞாயிறு ராத்திரியும் திங்கள் காலையும் அந்தப் பெண் போன் செய்து விசாரித்தார். ஆக்சிஜனுக்கு, ஆம்புலன்ஸில் கூடவே வந்ததற்கு, எதற்கும் காசு வாங்கவில்லை. நான் இரண்டு சிலிண்டரையும் நிரப்பிக் கொடுத்தேன்.

போகிறவர்களுக்கு: காலை ஆறரைக்கே படகு எடுத்துவிடுவார்கள், வேலூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து நேரே போய் இறங்கலாம் என்று கணக்கு போடாதீர்கள். முந்தின நாள் சாயங்காலமே போய்ச் சேர்ந்து நன்றாகத் தூங்குங்கள். பெரிய சைஸ் வெட்சூட் ஒன்றிரண்டுதான் இருக்கிறது, என்னைப் போல உடம்பு என்றால் முன்கூட்டியே போனில் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.